சர்ச் ஜன்னலுக்கு நாற்காலி முதுகில் என்ன வேலை? (கோத்திக் மரச்சாமான்கள்)

தச்சன்மகன்:
இப்போதெல்லாம் "கோத்திக் மாடல்" (இடைக்கால ஐரோப்பியத் தேவாலயப் பாணி) வேண்டும் என்று கைபேசியில் படம் காட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எல்லாப் படமும் ஒன்றுதான். நாற்காலி முதுகில் ஒரு பெரிய கூர்வளைவு, அதற்குள் இரண்டு சின்னக் கூர்வளைவு, நடுவில் நாலிதழ் வட்டம், உச்சியில் ஒரு மொட்டு. செய்யத் தெரியாமல் கேட்கவில்லை, செய்து கொடுத்துவிடலாம். ஆனால் எனக்கு அடிப்படையிலேயே ஒரு குறை இருக்கிறது. கல் கட்டடத்தில் கூர்வளைவு சும்மா அழகுக்கு வந்ததில்லை. அரைவட்ட வளைவைவிடப் பக்கவாட்டில் தள்ளுவது குறைவு, அகலம் மாறினாலும் உச்சியை ஒரே உயரத்தில் கொண்டுவந்து நிறுத்தலாம், அதனால்தான் 1140களில் பாரிஸ் பக்கத்து செயின்ட் டெனியில் தொடங்கி நூறு வருடத்துக்குள் அத்தனை உயரத்துக்குப் போனார்கள். (பேராசைப்பட்டு 48 மீட்டர் ஏற்றிய போவே தேவாலயத்தின் கூரை 1284ல் இடிந்தும் விழுந்தது.) நாற்காலி முதுகு எதைத் தாங்குகிறது? மனிதன் பின்னால் சாய்கிற பாரம், அவ்வளவுதான். மேலிருந்து இறங்குகிற பாரமே கிடையாது. அப்படியிருக்க அந்த வளைவுக்கு அங்கே என்ன வேலை? யாராவது விளங்கச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

கறுப்புமை:
திட்டுகிறேன். நாற்காலிக் காலில் சிங்கப் பாதம் வைக்கிறார்களே, அது நடக்கவா போகிறது? எல்லா அலங்காரமும் வேலை செய்துதான் ஆகவேண்டும் என்றால் உலகத்தில் ஸ்டூல் மட்டும்தான் மிஞ்சும்.

லண்டன்வாசி:
கேள்வி நியாயமானது, ஆனால் இதைத் தொடங்கி வைத்த ஆளுக்கு அந்தக் கவலையே இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹொரேஸ் வால்போல். பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் மகன். 1740களின் கடைசியில் லண்டனுக்கு வெளியே ட்விக்கனமில் ஒரு சாதாரண வீட்டைப் பிடித்து, ஸ்ட்ராபெரி ஹில் என்று பெயர் வைத்து, வருடக்கணக்கில் அதைக் குட்டிக் கோட்டையாக மாற்றிக்கொண்டே இருந்தார். அங்கே சாப்பாட்டு அறைக்குச் செய்த நாற்காலிகள்தான் உங்கள் வாடிக்கையாளர் காட்டுகிற படத்துக்கெல்லாம் பாட்டன். வரைந்தது அவரும் நண்பர் ரிச்சர்ட் பென்ட்லியும், செய்தது வில்லியம் ஹாலட் என்ற தச்சர், 1755ல். முதுகு அப்படியே தேவாலய ஜன்னலில் கல்லால் செய்கிற பின்னல்.

இதில் கவனிக்க வேண்டியது மரம். ஓக் இல்லை, மஹாகனியும் இல்லை, பீச். விலை குறைந்த மரத்தைக் கறுப்பாகப் பூசிவிட்டார்கள், கருங்காலி மாதிரி தெரியட்டும் என்று. அந்த வீட்டில் எல்லாமே இப்படித்தான். நீளக் கூடத்துக் கூரையைப் பார்த்தால் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஏழாம் ஹென்றி சேப்பலின் விசிறி போல விரிந்த கல் கூரை தெரியும். ஆனால் இங்கே அது காகிதக்கூழ்! நூலகத்தின் புத்தக அலமாரிகளுக்கு மாதிரி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1666 தீவிபத்தில் எரிந்துபோன பழைய செயின்ட் பால் தேவாலயத்தின் வாசல், அதுவும் ஹாலர் என்பவர் செதுக்கிய அச்சுப்படத்தைப் பார்த்து. கட்டடம் போய் நூறு வருடம் ஆகப்போகிறது, அதன் வாசல் புத்தகங்களுக்கு முன்னால் வந்து நிற்கிறது. எனக்கு இது ஏமாற்று வேலையாகத் தோன்றவில்லை, தெரிந்தே ஆடிய விளையாட்டு. நாடக மேடைக்கு யாராவது உண்மைச் செங்கல் கேட்பார்களா?

தச்சன்மகன்:
மேடையில் யாரும் முப்பது வருடம் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, லண்டன்வாசி. அந்த நாற்காலிகளை இன்று யாராவது உபயோகிக்கிறார்களா?

லண்டன்வாசி:
இல்லை. 1842ல் வீட்டுச் சாமான்களையெல்லாம் ஏலம் விட்டார்கள், திசைக்கு ஒன்றாகப் போய்விட்டன. ஒன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், முதுகு எதிர்பார்த்ததைவிட ஒல்லி. சாய்ந்து உட்காருகிறவருக்காகச் செய்ததைவிட, பின்னாலிருந்து பார்க்கிறவருக்காகச் செய்தது என்றுதான் சொல்வேன்.

உளிமுனை:
இந்த இழையில் மரத்தின் நாரைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை. நான் பேசுகிறேன், கொஞ்சம் நீளும்.

தச்சன்மகன் தம்பி சொல்கிற "வேலை இல்லாத வளைவு" கூட எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. நாரோட்டம்தான் பிரச்சினை. கல்லுக்கு நார் கிடையாது, எந்தப் பக்கம் செதுக்கினாலும் ஏறத்தாழ ஒரே பலம். மரம் அப்படியா? நாரோடு நெடுக்கே போனால் யானை பலம், நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டினால் விரலால் ஒடிக்கலாம். ஜன்னல் பின்னலைப் பலகையில் வெட்டும்போது வளைவு திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் நார் குறுக்கே அறுபடுகிறது. நாலிதழின் இதழும் இதழும் சந்திக்கிற கூர் இருக்கிறதே, அங்கே கால் அங்குலம்கூட நீளநார் மிஞ்சாது. பழைய நாற்காலிகள் ரிப்பேருக்கு வந்தால் முதலில் உடைந்திருப்பது அந்த இடம்தான், அப்புறம் உச்சி மொட்டு.

இதை அந்தக் காலத்து ஆட்கள் அறியாமல் இல்லை. லண்டன் தச்சர் சிப்பண்டேல் 1754ல் தன் மாதிரிப்படப் புத்தகத்தை வெளியிட்டபோது கோத்திக், சீன மாதிரி, அன்றைய நாகரிகம் என்று மூன்றையும் தலைப்புப் பக்கத்திலேயே போட்டார். அதில் கோத்திக் நாற்காலி முதுகுகள் இருக்கின்றன, வளைவுகள் பின்னிப் பிணைந்து. அதெல்லாம் சாத்தியமானது மஹாகனியால்தான். நெருக்கமான மரம், மெல்லிசாக அறுத்தாலும் உதிராது. அதையே நாட்டு ஓக்கில் வெட்டச் சொன்னால் ஆசாரி உளியைக் கீழே வைத்துவிடுவார்.

இன்னொரு வழியும் இருந்தது, எனக்கு அதுதான் பிடிக்கும். அதே பதினெட்டாம் நூற்றாண்டில் தேம்ஸ் ஆற்றுப் பக்கத்துக் கிராமத் தச்சர்கள் வின்ட்ஸர் நாற்காலி செய்துகொண்டிருந்தார்கள். கட்டிப் பலகை இருக்கை, அதில் துளை போட்டு இறக்கிய குச்சிகள், சுற்றிலும் ஆவியில் வளைத்த கழி. கோத்திக் மோகம் வந்ததும் அவர்களும் கூர்வளைவு வைத்தார்கள். ஒரே கழியை வளைத்தால் வட்டம்தான் வரும், கூர் வராது. அதனால் இரண்டு வளைத்த துண்டுகளை உச்சியில் சேர்த்தார்கள். வளைத்த கழியில் நார் அறுபடுவதில்லை, வளைவோடு கூடவே ஓடுகிறது. நடுவில் ஜன்னல் மாதிரி துளைத்த பட்டைகள் அலங்காரத்துக்கு. யூ மரத்தில் செய்த சில இன்றைக்கும் ஆடாமல் நிற்கின்றன. ஆகவே கூர்வளைவைக் குற்றம் சொல்லாதீர்கள், பலகையிலிருந்து அறுத்து எடுப்பதைச் சொல்லுங்கள்.

கறுப்புமை:
உளிமுனை அண்ணே, இது கோவிலில் பூ வாங்கிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டிய பதிவு. ஆனாலும் ஒரு சந்தேகம். நிஜமான கோத்திக் காலத்தில், அதாவது 1200, 1300களில், வீட்டு நாற்காலி எப்படி இருந்தது? அவர்களுக்கும் இதே மரம்தானே, இதே நார்தானே?

பழம்பலகை:
அந்தக் காலத்தில் வீட்டில் நாற்காலியே அபூர்வம். பெட்டி, பெஞ்சு, முக்காலிகள் மேல் போட்ட பலகை, அவ்வளவுதான். பெரிய பிரபுக்கள் ஒரு மாளிகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள், காசையெல்லாம் துணியிலும் திரைச்சீலையிலும் போட்டார்கள், மரச்சாமான் பாதி நேரம் துணிக்கு அடியில்தான் கிடந்தது. சாய்வும் கையும் வைத்த நாற்காலி வீட்டுத் தலைவருக்கு மட்டும். அதன் உச்சம் வேண்டுமென்றால் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கும் முடிசூட்டு நாற்காலி, 1300ஐ ஒட்டி முதலாம் எட்வர்டுக்காகச் செய்தது. ஓக். மேலே முக்கோண முகடு, பக்கத்தில் கோபுர முனைகள், விளிம்பில் இலைமொக்கு, அப்படியே ஒரு தேவாலய முகப்பைச் சின்னதாக்கியது. இன்றைக்குப் பார்த்தால் அடிபட்ட பழுப்பு மரம். முதலில் முழுக்கப் பொன் பூச்சு, அதில் பறவை, இலை, மிருகம் என்று புள்ளிபுள்ளியாகக் குத்திய சித்திரம். பதினெட்டாம் நூற்றாண்டில் பள்ளிப் பையன்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் முதுகில் பெயர் செதுக்கி நாசமாக்கிவிட்டார்கள். ஒருவர் 1800 ஜூலையில் இந்த நாற்காலியில் தூங்கினேன் என்றே வெட்டி வைத்திருக்கிறார்! நம்மூர்க் கோட்டைச் சுவர்களில் பார்க்கிற அதே புத்தி.

அதனால் "கோத்திக் என்றால் கறுப்பு, இருட்டு" என்பதெல்லாம் பின்னால் வந்த நினைப்பு. அசல் காலத்து மரம் பளீரென்று வண்ணமடித்தது.

தச்சன்மகன்:
அது ராஜா நாற்காலி. சாதாரண வசதியுள்ள வீட்டில் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு வேண்டும்.

உளிமுனை:
அதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கோத்திக் மரவேலையில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் முழுதாக ஒத்துக்கொள்ள முடிகிறது. பதினைந்தாம் நூற்றாண்டுப் பிற்பகுதியிலும் பதினாறிலும் பெட்டி, அலமாரி, சுவர்ப் பலகை எல்லாவற்றிலும் வந்த துணிமடிப்புச் செதுக்கல். பலகையில் துணியைக் கொசுவி வைத்த மாதிரி செங்குத்தாக மடிப்பு மடிப்பாக இருக்கும், படம் பார்த்திருப்பீர்கள்.

அதன் சூட்சுமத்தைப் பாருங்கள். அகலமான பலகை மழைக்கும் வெயிலுக்கும் அகலவாக்கில் விரியும், சுருங்கும், ஆணி அடித்து இறுக்கினால் வெடித்துவிடும். அதனால் சட்டம் கட்டி, சட்டத்துக்கு உள்பக்கம் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, பலகையைப் பசை போடாமல் காடிக்குள் சும்மா நிற்க விடுவது. நம் பழைய வீட்டுக் கதவுகளிலும் இதே முறைதான். காடிக்குள் போக ஓரம் மெலிந்திருக்க வேண்டும், பலத்துக்கு நடு தடித்திருக்க வேண்டும். தடிப்பிலிருந்து மெலிவுக்கு இறங்குகிற அந்த இடத்தைத்தான் அந்தக் காலத்துத் தச்சன் மடிப்பாக மாற்றிவிட்டான். மடிப்பு நாரோடு நெடுக்கே ஓடுவதால் முக்கால் வேலையை இழைப்புளியே முடித்துவிடும். மேலும் கீழும் துணி ஓரம் மடங்குகிற இடத்துக்கு மட்டும் உளி. நார் எங்கேயும் அறுபடவில்லை, வேலையும் சீக்கிரம், பார்க்கவும் பணக்காரத்தனம். கல்தச்சன் செய்ய நினைத்திராத அலங்காரம், மரத்தச்சனுக்கே சொந்தமானது.

பழம்பலகை:
அதே சுவர்ப் பலகையில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது, அண்ணே. அந்தச் சட்டங்களைக் கூர்ந்து பாருங்கள். மேல் சட்டத்திலும் பக்கச் சட்டத்திலும் குழிவு ஓட்டியிருப்பார்கள். கீழ்ச்சட்டத்தில் மட்டும் குழிவு இருக்காது, வெறும் சாய்வாகச் சீவியிருக்கும். ஏன்? கல் ஜன்னலின் அடிப்பகுதி மழைத்தண்ணீர் வழிந்தோடச் சாய்வாக இருக்கும். வீட்டுக்குள் சுவர்ப் பலகையில் எந்த மழை? மூலைகளிலும் அதே கதை. இரண்டு குழிவுகள் 45 பாகையில் சந்திக்கிற மாதிரி வெட்டாமல், கல்தச்சன் ஒரே கல்லில் மூலையைத் திருப்புவது போல உளியால் திருப்பியிருப்பார்கள். ஆகவே கல்லைப் பார்த்துக் காப்பியடிப்பது வால்போலோடு தொடங்கியதில்லை. அசல் காலத்துத் தச்சனே செய்திருக்கிறான், அவனுக்கு அது தப்பு என்றும் தோன்றவில்லை.

தச்சன்மகன்:
இந்தக் கீழ்ச்சட்ட விஷயம் புதுசு. அந்தச் சாய்வில் தூசு தங்காது, துடைக்கச் சுலபம் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள்.

கறுப்புமை:
பாருங்கள், கடைசியில் நீங்களும் அலங்காரத்துக்கு வேலை தேடிக் கொடுக்கிறீர்கள். :)

இந்தக் கேள்விக்கு யாராவது பூகின் பெயரைச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

பழம்பலகை:
சொல்கிறேன். தச்சன்மகனின் புகாரை 1841லேயே எழுதி வைத்த ஆள் அவர், கோத்திக்குக்காக உயிரையே விட்டவரும் அவர்தான்.

அகஸ்டஸ் பூகின், ஆங்கிலக் கட்டடக் கலைஞர், பிறப்பு 1812. பதினைந்து வயதில், 1827ல், நான்காம் ஜார்ஜ் மன்னருக்காக வின்ட்ஸர் கோட்டைக்குக் கோத்திக் மரச்சாமான்கள் வரைகிற வாய்ப்பு வந்தது. மொரெல் அண்ட் செடன் நிறுவனம் செய்தது. ரோஸ்வுட், தங்க மெருகு, மேசைக்கும் நாற்காலிக்கும் கூர்வளைவு, இலைமொக்கு, கோபுரம் எல்லாம். பதினாலு வருடம் கழித்து அவரே எழுதுகிறார்: இன்றைய கோத்திக் அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அதன் நுனிகளில் ஒன்றில்கூடக் காயம்படாமல் வெளியே வருகிறவன் பாக்கியசாலி என்று. சாதாரணச் சோபாவின் மேல் தேவாலய முட்டுச்சுவரையும் கோபுர முனையையும் குட்டியாக்கி ஒட்டுகிறார்கள் என்று கேலி செய்துவிட்டு, வின்ட்ஸரில் தானும் இந்த அட்டூழியத்தைச் செய்தவன்தான் என்று அங்கேயே ஒப்புக்கொள்கிறார். (அந்தச் சாமான்களில் பெரிய சைட்போர்டு ஒன்று 1992 நவம்பர் தீவிபத்தில் எரிந்துபோனது. அப்புறம் பழைய மாதிரியே புதிதாகச் செய்து வைத்தார்கள்.)

அவர் வைத்த விதி இதுதான்: கட்டுமானத்தை அலங்கரி, அலங்காரத்துக்காக எதையும் கட்டாதே. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பிற்காலத்தில் வரைந்த ஓக் மேசைகளைப் பாருங்கள். ஜன்னல் பின்னல் இல்லை, கோபுரம் இல்லை. தடித்த கால்கள், குறுக்கே சாய்ந்து தாங்குகிற வளைந்த கட்டைகள், கழுந்து (துளைக்குள் இறக்குகிற கட்டை நுனி) துளையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் முளை அடித்திருக்கும், விளிம்புகள் சாய்வாகச் சீவியிருக்கும். எந்தக் கட்டை எதைத் தாங்குகிறது என்று கண்ணாலேயே படிக்கலாம். பழைய மரக்கூரைகளின் உத்தரத்தைக் கீழே இறக்கி மேல் பலகை போட்ட மாதிரி. தேவாலயத்தில் கல்லை மட்டும் பார்க்காமல் கூரை மரத்தையும் பார்த்தார், அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறேன்.

உளிமுனை:
இதை ஒத்துக்கொள்கிறேன். வளைந்த தாங்குகட்டைக்கு, இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கொம்பைத் தேடி எடுத்தால் நாரும் வளைவோடு வரும். கப்பல் கட்டுகிறவர்களும் அப்படித்தான் மரம் தேடுவார்கள்.

லண்டன்வாசி:
ஆனால் பூகினையும் ரொம்ப எளிமைக்காரராக ஆக்கிவிடாதீர்கள். 1834ல் நாடாளுமன்றம் எரிந்து, சார்லஸ் பாரி புதிதாகக் கட்டியபோது உள்அலங்காரம் முழுக்க இவர் கையில்தான். 1847ல் திறந்த பிரபுக்கள் சபையின் சிங்காசனத்தைப் பாருங்கள், ஜான் வெப் செய்தது. எளிமைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. வீட்டு மேசைக்கு ஒரு அளவு, அரச மேடைக்கு ஒரு அளவு என்பது அவர் கணக்கு, இடத்துக்குத் தக்கபடி. பாவம், 1852ல் நாற்பது வயதில் உடலும் மனமும் முறிந்து செத்துப்போனார்.

கறுப்புமை:
எல்லோரும் ராஜா வீட்டுக்கும் பிரபு வீட்டுக்குமே போகிறீர்களே. நான் அமெரிக்கா போகிறேன். அங்கே 1838ல் ஹட்சன் ஆற்றங்கரை டேரிடவுனில் லிண்ட்ஹர்ஸ்ட் மாளிகை தொடங்கியது, வரைந்தவர் அலெக்ஸாண்டர் ஜாக்ஸன் டேவிஸ். வீட்டோடு நாற்காலியும் அவரே வரைந்தார். முதுகு வட்டமான சக்கரம், தேவாலய முகப்பில் இருக்கும் ரோஜா ஜன்னல். உளிமுனை அண்ணன் கணக்கில் அது தேறுமா தெரியவில்லை, ஆனால் சக்கரத்தின் ஆரக்கால்கள் நேர்க்குச்சிகள், நாரோடு போகலாம். அது பணக்காரர் வீடு. சாதாரண ஜனங்களுக்கு வந்த கோத்திக் எது தெரியுமா? கடிகாரம்! 1840களில் கனெடிகட் மாநிலத்தில் எலியாஸ் இங்ரஹாம் வடிவமைத்த கோபுரக் கடிகாரம். கூரான முகடு, இரண்டு பக்கமும் ஊசிக் கோபுரம். உள்ளே பைன் பெட்டி, மேலே மெல்லிய மஹாகனி வெனீர், இயந்திரம் தகட்டுப் பித்தளை. எல்லாம் ஆலையில் செய்தது. பண்ணை வீட்டு அடுப்படி மாடத்தில் சின்னதாக ஒரு தேவாலயம் உட்கார்ந்து மணி அடித்துக்கொண்டிருந்தது. தேவாலயத்திலும் கோபுரம்தானே மணி அடிக்கிறது? உங்கள் விதிப்படியே பார்த்தாலும் இது பொருந்துகிறது, தச்சன்மகன்.

தச்சன்மகன்:
கடிகாரத்தை ஒத்துக்கொள்கிறேன். அதன் மேல் யாரும் சாய்வதில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. பூகின் அவ்வளவு தெளிவாக எழுதிவிட்ட பிறகும் ஏன் ஜன்னல் முதுகு நாற்காலி சாகவே இல்லை?

பழம்பலகை:
எழுதினது அவர் மட்டுமில்லை. அமெரிக்காவில் டௌனிங், கோத்திக் வீடுகளையே பரப்பினவர், 1850ல் அதே குறையைச் சொன்னார்: வீட்டுக் கோத்திக் சாமான்கள் தேவாலய முகப்பைப் போல ரொம்ப ஆடம்பரமாகிவிட்டன என்று. இங்கிலாந்தில் 1867ஐ ஒட்டி டால்பர்ட், 1868ல் ஈஸ்ட்லேக், இரண்டு பேரும் நேர்க்கட்டை, வெளியே தெரிகிற இணைப்பு, நாரோடு போகிற சீவல் என்று புத்தகமே போட்டார்கள். நடந்தது என்ன? அமெரிக்க ஆலைகள் ஈஸ்ட்லேக் பெயரை வைத்து, இயந்திரத்தில் கோடு கிழித்த மலிவுச் சாமான்களைக் குவித்தன. அவர், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுத வேண்டியதாயிற்று. கட்டுமானத்தின் நேர்மையைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஜன்னல் முதுகு படத்தில் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மாதிரிப்படப் புத்தகத்தில் அன்றைக்கு எது விற்றதோ அதுதான் இன்றைக்குக் கைபேசியிலும் விற்கிறது.

உளிமுனை:
நம் பக்கத்துப் பழைய தேவாலயங்களில் பீடத்துக்குப் பக்கத்தில் போடுகிற கூர்முகட்டு நாற்காலிகளைப் பார்த்திருப்பீர்கள். நான் பழுது பார்த்தவை தேக்கு. பின்னல் வேலையைக் குறைத்துவிட்டு, இரண்டு நேர்க்காலுக்கு நடுவில் ஒரு தடித்த முக்கோணக் கட்டை, அதில் மூவிதழை ஓட்டையாகத் துளைக்காமல் பள்ளமாக மட்டும் செதுக்கியிருந்தார்கள். பின்னால் மரம் முழுசாக இருக்கிறது, ஒடிவதற்கு ஒன்றுமில்லை. தச்சன்மகன் தம்பி, கேட்கிறவர்களுக்கு இதைச் செய்து கொடுங்கள். துளைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் பட்டைகளைத் தனித்தனியாக நாரோடு அறுத்துச் சேருங்கள், பின்னலின் கூர்முனைகளை மழுக்கிவிடுங்கள், உச்சிமொட்டைத் தனியாகக் கடைசல் பிடித்து அடியில் கழுந்து வைத்து இறக்குங்கள். உடைந்தால் மொட்டை மட்டும் மாற்றலாம்.

தச்சன்மகன்:
பள்ளச் செதுக்கல் நல்ல யோசனை. கூலியும் குறையும்.

கறுப்புமை:
எல்லாம் சரி, பர்ஜெஸ்ஸை ஒருவரும் சொல்லவில்லை, என் மனசு ஆறாது. ஆங்கிலக் கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜெஸ் இந்த நேர்மை விவாதத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, பழம்பலகை சொன்ன அந்த வண்ணமடித்த காலத்துக்கே திரும்பினார். பெரிய பெட்டி மாதிரி நேரான அலமாரி, மேலே சாய்கூரை, மேனியெல்லாம் ஓவியம். அவருடைய பெரிய புத்தக அலமாரியில் பர்ன் ஜோன்ஸ், ரொஸெட்டி உட்பட 10க்கும் மேற்பட்ட ஓவியர்கள் வரைந்தார்கள், 1862 லண்டன் கண்காட்சியில் வைத்தார்கள். நார் அறுபடவில்லை, துளை இல்லை, உளிமுனை அண்ணனுக்கும் குறை சொல்ல இடமில்லை. இன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கிறது.

லண்டன்வாசி:
அவர் தன் வீட்டுக்கே செய்துகொண்ட ராசிச்சக்கர பெஞ்சை 2011ல் பெட்ஃபோர்ட் மியூசியம் 8,50,000 பவுண்டுக்கு வாங்கியது. உட்கார அனுமதி இல்லை.